புகார் எண் வாங்கினீர்களா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: “மேற்கு மாம்பலத்தில் தனியாக இருக்கும் என் அம்மாவிடம், நாடு முழுவதும் சேவை தரும் நிறுவனம் ஒன்றின் ப்ரீபெய்ட் இணைப்பு இருக்கிறது. வீட்டுக்குள் சிக்னல் நிற்பதில்லை. போன மாதம் ரீசார்ஜுக்குக் கட்டிய பணம் வங்கியில் கழிந்தது, போனில் ஏறவில்லை. கேட்காமலே ஏதோ பாட்டுச் சேவைக்குப் பணம் பிடிக்கிறார்கள். பெங்களூரில் இருந்தபடி நான்கு முறை பேசிவிட்டேன். ‘24 மணி நேரத்தில் சரியாகிவிடும்’ என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு எழுதுவதா, நுகர்வோர் நீதிமன்றம் போவதா, வேறு நிறுவனத்துக்கு மாறிவிடுவதா?”

நான்கு முறை பேசியதில் எத்தனை புகார் எண்கள் உங்கள் கையில் இருக்கின்றன? கேள்வியில் ஓர் எண்கூட இல்லை. அப்படியென்றால் நிறுவனத்தின் ஏட்டில் உங்கள் அம்மா இன்னும் ஒரு புகார்கூடக் கொடுக்கவில்லை. சொல்லவே சங்கடமாக இருக்கிறது, ஆனால் நிலவரம் அதுதான்.

நான் சென்னையில் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் பில்லிங் பிரிவிலும் புகார்ப் பிரிவிலுமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் குப்பை கொட்டியவன். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். உங்களிடம் பேசும் பெண்ணோ பையனோ, பேச்சு முடிவதற்குள் திரையில் ஒரு வகையைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்: தகவல் விசாரணை, சேவைக் கோரிக்கை, புகார். புகார் என்று பதிந்தால் அதற்கு எண் பிறக்கும், கெடு ஓடத் தொடங்கும், கெடு தாண்டினால் மேலாளரின் பட்டியலில் சிவப்பாக நிற்கும். விசாரணை என்று பதிந்தால் அழைப்பு முடிந்ததும் விஷயமும் முடிந்தது. “கொஞ்சம் பொறுங்கள், சரியாகிவிடும்” என்ற பதிலுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை. ஓர் அழைப்பை இத்தனை நொடிக்குள் முடிக்க வேண்டும் என்று அவர்கள் தலைக்கு மேல் கத்தி தொங்குகிறது.

ஆகவே அடுத்த முறை பேசும்போது கதையை முதலில் சொல்லாதீர்கள். “புகார் பதிய வேண்டும், எண் கொடுங்கள்” என்று ஆரம்பியுங்கள். 2012ஆம் ஆண்டு டிராய் கொண்டுவந்த புகார் தீர்வு விதிமுறைகளின்படி, ஒவ்வொரு புகாருக்கும் எண் தர வேண்டும். அதைக் குறுஞ்செய்தியாகவும் அனுப்ப வேண்டும். எண் வராமல் போனை வைக்காதீர்கள். மூன்று குறைகளுக்கு மூன்று எண்கள் வாங்குங்கள். ஒரே புகாரில் மூன்றையும் போட்டால், அதில் சுலபமான ஒன்றைத் தீர்த்துவிட்டு மொத்தத்தையும் மூடிவிடுவார்கள். இதை நானே பார்த்திருக்கிறேன், கொஞ்சம் வெட்கத்தோடு சொல்கிறேன், செய்தும் இருக்கிறேன்.

புகார் எண் இருந்தால்தான் அடுத்த படி ஏற முடியும். அடுத்த படி என்பது மேல்முறையீடு. ஒவ்வொரு நிறுவனத்திலும் மேல்முறையீட்டு அதிகாரி ஒருவர் இருந்தாக வேண்டும். அவருக்கு உதவியாக இரண்டு பேர் கொண்ட ஆலோசனைக் குழு உண்டு; அதில் ஒருவர் நிறுவனத்தின் ஆள், மற்றவர் பதிவு பெற்ற நுகர்வோர் அமைப்பைச் சேர்ந்தவர். புகாருக்கான கெடு முடிந்தும் தீர்வு வரவில்லை என்றாலோ, வந்த தீர்வு திருப்தியாக இல்லை என்றாலோ 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கட்டணம் கிடையாது. மின்னஞ்சல் போதும். 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதிகாரியின் முகவரி நிறுவனத்தின் இணையதளத்தில் எங்கோ அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அங்கே தேடி அலுத்துப்போனால் டிராயின் நுகர்வோர் புகார் கண்காணிப்புத் தளத்தில் எல்லா நிறுவனங்களின் முகவரிகளும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

இந்தப் படியைத்தான் நம் ஊரில் யாரும் ஏறுவதில்லை. வாடிக்கையாளர் சேவையில் நான்கு முறை கத்துவார்கள், ஐந்தாவது முறை சிம்மைத் தூக்கிப் போடுவார்கள். நடுவில் இப்படி ஒரு மேசை இருப்பதே தெரியாது. நான் வேலை பார்த்த இடத்தில் அந்த மேசையிலிருந்து ஒரு காகிதம் வந்தால் பில்லிங் பிரிவில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவோம். எழுத்தில் பதில் சொல்ல வேண்டுமே, வெளியாள் ஒருவர் பார்ப்பாரே என்ற பயம்.

நங்கநல்லூரில் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். போஸ்ட்பெய்ட் இணைப்பை மூடிவிட்டார், முன்வைப்புத் தொகை 500 ரூபாய் திரும்பி வரவில்லை. எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். அவர் வீட்டுக்குப் போனபோது, கடிதங்களைக் குத்தி வைக்கும் வளைந்த கம்பியை எடுத்து வந்து மேசையில் வைத்தார். அதில் தினசரி காலண்டரிலிருந்து கிழித்த தாள்கள். ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும் பேசிய நேரம், பேசியவர் சொன்ன பெயர், சொன்ன பதில், புகார் எண். தேதியைத் தனியாக எழுதவில்லை. தாளின் முன்பக்கத்தில்தான் அச்சாகியிருக்கிறதே! ராகு காலத்தில் பேசியதால்தான் காரியம் ஆகவில்லையோ என்று அவர் மனைவி கேட்டது தனிக்கதை. ஆறு தாள்கள். அந்த ஆறையும் வரிசையாகச் சுருக்கி ஒரு பக்க மேல்முறையீடு எழுதினோம். ‘இணைப்பை மூடிய தேதி இது, முன்வைப்புத் தொகையைத் திருப்ப விதி தரும் கெடு 45 நாள், இன்றோடு 112 நாள் ஆகிறது, புகார் எண்கள் இவை.’ அவ்வளவுதான். மன உளைச்சல், மூத்த குடிமகன் என்றெல்லாம் அவர் இரண்டு பத்தி எழுதியிருந்தார். எடுத்துவிடச் சொன்னேன், அரை மனதோடு எடுத்தார். ஒரு மாதத்துக்குள் பணம் வந்தது, கூடவே வருத்தம் தெரிவித்து ஒரு கடிதமும். கடிதத்தில் இருந்த இரண்டு எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டு, அதையும் கம்பியில் குத்தினார்.

இனி உங்கள் அம்மாவின் மூன்று குறைகள்.

ரீசார்ஜ் பணத்துக்கு முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, பணம் எங்கே நிற்கிறது என்பதை. யுபிஐ செயலியைத் திறந்து அந்தப் பரிவர்த்தனையைப் பாருங்கள். தோல்வி என்றோ நிலுவை என்றோ இருந்தால் உங்கள் சண்டை வங்கியோடு. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விட்ட சுற்றறிக்கையின்படி, கணக்கில் கழிந்து கடைக்காரருக்கு உறுதி போய்ச் சேராத யுபிஐ பணத்தை, பரிவர்த்தனை நாளுக்குப் பிறகு ஐந்து நாட்களுக்குள் தானாகத் திருப்ப வேண்டும். தவறினால் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. இதை வங்கியில் கேட்பவர்கள் குறைவு, கேட்டால் தருகிறார்கள். வெற்றி என்று காட்டினால் பணம் நிறுவனத்திடமோ இடையில் இருக்கும் செயலியிடமோ போய்விட்டது. அப்போது பரிவர்த்தனை எண்ணைச் சொல்லி நிறுவனத்தில் புகார் பதியுங்கள். அந்த எண்ணைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்துத் தேடினால் செயலிகளில் கிடைப்பது படாத பாடு.

பாட்டுச் சேவை சின்ன விஷயம். 155223 என்ற கட்டணமில்லா எண்ணை அழைத்தால் எந்தெந்தச் சேவைகள் ஓடுகின்றன என்று தெரியும், அங்கேயே நிறுத்திவிடலாம். பணம் பிடிக்கும் எந்தச் சேவைக்கும் வாடிக்கையாளரிடம் இரண்டு முறை ஒப்புதல் வாங்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டே டிராய் உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே புகாரில் ஒரே வரி கேளுங்கள்: “இரண்டாவது ஒப்புதல் எந்தத் தேதியில், எந்த வழியில் வாங்கப்பட்டது? பதிவைக் காட்டுங்கள்.” காட்டப் பதிவு இருக்காது. என் அனுபவத்தில் இந்த ஒரு வரிக்குப் பிறகு பணம் திரும்பாமல் போனது அபூர்வம். வயதானவர்களின் போனில் திரையில் குதிக்கும் அறிவிப்புகளை மூடப் போய், ‘சரி’ என்பதில் விரல் பட்டுவிடுவதுதான் பல நேரம் காரணம். அடுத்த முறை ஊருக்கு வரும்போது அந்த அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள்.

சிக்னல்தான் தலைவலி. இதில் பொய் நம்பிக்கை தர மாட்டேன்.

அம்மாவை மொட்டை மாடிக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். மாடியில் நான்கு கோடு, சமையலறையில் ஒன்றுமில்லை என்றால் கோபுரத்தில் கோளாறு இல்லை, சுவர்தான் வில்லன். அலைவரிசை குறைவாக இருந்தால் சுவரைத் தாண்டி உள்ளே வரும், கூடினால் வாசலிலேயே நின்றுவிடும். 700, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் உள் அறை வரை வந்து எட்டிப் பார்க்கும். 1800, 2100, 2300 போகப் போகத் தளரும். 5ஜி பெரும்பாலும் ஓடும் 3300 மெகாஹெர்ட்ஸ், கான்கிரீட் சுவரிடம் தோற்றுவிடும். மேற்கு மாம்பலத்தில் ஒற்றை வீடுகள் இருந்த மனைகளில் எல்லாம் அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. பக்கத்துச் சுவருக்கும் நம் ஜன்னலுக்கும் கைநீட்டும் தூரம்தான். தரைத்தளத்தின் பின்பக்க அறையில் போன் பேச முடிந்தால் அதுதான் ஆச்சரியம்.

இதற்குப் புகார் கொடுத்தால் என்ன ஆகும்? ஒரு பொறியாளர் வருவார், தெருவில் நின்று அளப்பார், “சேவை உள்ளது” என்று எழுதிப் புகாரை மூடிவிடுவார். அவர் பொய் சொல்லவில்லை. விதிகளும் அப்படித்தான். துண்டிக்கப்படும் அழைப்புகள் 2 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது தர விதி. அது வலைப்பின்னலின் சராசரி, உங்கள் அம்மாவின் சமையலறைக் கணக்கு அல்ல. அழைப்பு துண்டானால் ஒரு ரூபாய், ஒரு நாளைக்கு அதிகபட்சம் மூன்று முறை என்று டிராய் 2015இல் இழப்பீடு கொண்டுவந்தது. 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. இப்போது இருப்பது 2024ஆம் ஆண்டின் தர விதிமுறைகள். ஒரு மாவட்டத்தில் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் முடங்கினால் போஸ்ட்பெய்டுக்கு வாடகைக் கழிவு, ப்ரீபெய்டுக்கு நாள் நீட்டிப்பு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இயற்கைப் பேரிடருக்கு இது பொருந்தாது. சென்னையில் சேவை நாள்கணக்கில் முடங்குவது எப்போது? 2015 டிசம்பர் வெள்ளம், 2016 வர்தா, 2023 டிசம்பர் மிக்ஜாம். எல்லாம் பேரிடர். மின்சாரம் போய், மின்கலம் தீர்ந்து, ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோகும் வண்டி இடுப்பளவு தண்ணீரில் நின்றால் கோபுரம் அணையத்தான் செய்யும்; அதற்காக நிறுவனத்தை நோவதில் அர்த்தமில்லை. இருந்தாலும், நமக்குக் கிடைத்த இழப்பீட்டு விதி நம் ஊருக்கு மட்டும் பயன்படாத மாதிரி எழுதப்பட்டிருக்கிறதே என்று தோன்றாமல் இல்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சிக்னல் இல்லை என்று கையெழுத்து வாங்கும் அதே குடியிருப்போர் சங்கம், மாடியில் கோபுரம் வைக்க வந்தால் கதிர்வீச்சு என்று மறியல் செய்கிறது. இந்தியாவில் கோபுரக் கதிர்வீச்சுக்கான வரம்பு, சர்வதேச வழிகாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்கு. 2012 செப்டம்பரிலிருந்து அப்படித்தான். எங்கள் சங்கக் கூட்டத்தில் இதைச் சொல்லி நான் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும், இங்கே விட்டுவிடுகிறேன்.

அம்மா வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் தீர்வு உங்கள் கையிலேயே இருக்கிறது: போனில் வைஃபை அழைப்பு வசதியை இயக்கிவிடுங்கள். தனிச் செயலி வேண்டாம், கூடுதல் கட்டணம் இல்லை, அதே எண்ணில் அழைப்பு வரும், போகும். போனில் அந்த வசதி உள்ளதா, நிறுவனம் தருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சிம் பழைய 3ஜி காலத்ததாக இருந்தால் 4ஜி சிம்மாக மாற்றுங்கள். மாற்றிய பிறகு 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி வராது, போகாது. அது மோசடியைத் தடுக்கும் ஏற்பாடு, பழுது அல்ல. அன்று வங்கி வேலை வைத்துக்கொள்ள வேண்டாம்.

அம்மாவுடையது பிஎஸ்என்எல் இணைப்பு என்றால் கூடுதலாக ஒரு சொல். 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் 78,569 ஊழியர்கள் விருப்ப ஓய்வில் வெளியேறிய நிறுவனம் அது. தொலைபேசி நிலையத்தில் பழகிய முகம் யாரும் இல்லையே என்று பெரியவர்கள் திகைப்பதற்குக் காரணம் அதுதான். உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் அமைத்த 4ஜியை 2025 செப்டம்பர் 27 அன்றுதான் நாடு தழுவித் தொடங்கிவைத்தார்கள். அதைக் கணக்கில் கொண்டு கோபப்படுங்கள். ஆனால் அரசு நிறுவனம் என்பதால் தனியாரிடம் இல்லாத ஆயுதம் ஒன்று உங்களுக்கு உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, “இந்த எண்ணுள்ள புகாரின் மீது எந்தத் தேதியில் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது?” என்று கேட்கலாம். இங்கேயும் புகார் எண்தான் கேட்கிறது, கவனித்தீர்களா?

டிராய்க்கு எழுதுவது பற்றி: எழுதலாம், பயன் இல்லை. தனிநபர் புகாரைத் தீர்ப்பது அதன் வேலை அல்ல. விதி வகுப்பது அதன் வேலை. உங்கள் கடிதத்தை நிறுவனத்துக்கே அனுப்பி வைக்கும். மேல்முறையீட்டிலும் நியாயம் கிடைக்கவில்லை என்றால் மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்புத் தளத்தில் தொலைத்தொடர்புத் துறைக்குப் புகார் போடுங்கள். துறை கேட்டால் நிறுவனம் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

நுகர்வோர் ஆணையம் உண்டு, திறந்துதான் இருக்கிறது. 2009இல் உச்ச நீதிமன்றம், தொலைபேசித் தகராறுகள் தந்திச் சட்டத்தின்படி நடுவரிடம்தான் போக வேண்டும் என்று சொன்னதிலிருந்து பல ஆண்டுகள் நிறுவனங்கள் அதையே கேடயமாகப் பிடித்தன. வோடபோன் ஐடியா வழக்கில் 2022 பிப்ரவரியில் அந்தக் கேடயம் உடைந்தது. அகமதாபாத் வாடிக்கையாளர் ஒருவர் ஒரே மாதத்துக்கு ஏறத்தாழ 24,600 ரூபாய் பில் வந்ததென்று தொடுத்த வழக்கு அது. தனியார் தொலைபேசிச் சேவையும் நுகர்வோர் ஆணையத்தின் வரம்புக்குள் வரும் என்று நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை, அம்மா வசிக்கும் சென்னையிலேயே தொடரலாம், இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். ஆனால் முந்நூறு ரூபாய் ரீசார்ஜுக்காக அம்மாவை வாய்தாவுக்கு வாய்தா அலையவிடுவீர்களா? தவறான பில்லால் கடன் மதிப்பெண் கெட்டது, போலி ஆவணத்தில் வேறு யாருக்கோ மாற்று சிம் கொடுத்து வங்கிப் பணம் போனது போன்றவற்றுக்கு அந்தப் படியை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.

மாறிவிடலாமா? மாறலாம், ஆனால் அந்த ரீசார்ஜ் பணம் வந்த பிறகு. எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறியதும் (இதைத்தான் ‘போர்ட்’ என்கிறார்கள்) பழைய இணைப்பில் இருக்கும் இருப்புத் தொகை போய்விடும், புகாரும் அநாதையாகிவிடும். எந்த நிறுவனத்துக்கு மாறுவது என்று விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். அந்தக் கட்டடத்தின் அதே தளத்தில் இருப்பவர்களிடம் அவர்கள் போனைப் பத்து நிமிடம் இரவல் வாங்கி, அம்மாவின் சமையலறையில் நின்று பேசிப் பாருங்கள். டிராயின் உத்தரவுக்குப் பிறகு நிறுவனங்கள் தங்கள் தளங்களில் சேவை வரைபடம் போட்டிருக்கின்றன. தெருவுக்கு அது உதவும், அறைக்கு உதவாது. ‘போர்ட்’ என்பதை ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, கைபேசி எண்ணையும் அடித்து 1900க்கு அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அது நான்கு நாட்கள் செல்லும். தமிழ்நாட்டுக்குள் மூன்று வேலை நாட்களில் மாறிவிடும். இணைப்பு எடுத்து 90 நாட்கள் ஆகியிருக்க வேண்டும், சிம் மாற்றி ஏழு நாட்கள் ஆகியிருக்க வேண்டும். 2018 பிப்ரவரியில் ஏர்செல் சாய்ந்தபோது இந்தக் குறுஞ்செய்தி அனுப்பக்கூடச் சிக்னல் இல்லாமல் தமிழ்நாட்டில் மக்கள் தவித்தார்கள். ஆகவே முடிவு செய்துவிட்டால் தள்ளிப்போட வேண்டாம்.

திட்டம் தேர்ந்தெடுக்கும்போது ஒரு சிக்கனம். இணையத்துக்கு வீட்டில் வைஃபை இருந்தால் அம்மாவுக்கு டேட்டா எதற்கு? அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டத்தை நிறுவனங்கள் தந்தே ஆக வேண்டும் என்று 2024 டிசம்பரில் விதி வந்துவிட்டது. ஓராண்டு வரைகூடச் செல்லும். கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார், கேட்டு வாங்குங்கள். 28 நாள் திட்டம் என்றால் ஆண்டுக்குப் பதின்மூன்று முறை பணம் கட்டுகிறீர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடைசியாக, நீங்கள் நான்கு முறை பேசியது எந்த எண்ணுக்கு? பெங்களூரில் உங்கள் போனிலிருந்து, புகார் பதிவதற்கான 198ஐ அழைத்தால் அது உங்கள் நிறுவனத்துக்குத்தான் போகும், அம்மாவுடையதற்கு அல்ல. தேடுபொறியில் கிடைத்த பத்து இலக்க ‘வாடிக்கையாளர் சேவை’ எண்ணுக்குப் பேசியிருந்தால் இன்னும் கவலை. அவற்றில் பல மோசடிக்காரர்கள் போட்டு வைத்தவை. யாராவது ஓடிபி கேட்டார்களா, திரையைப் பகிரும் செயலியை இறக்கச் சொன்னார்களா என்று யோசியுங்கள். சொல்லியிருந்தால், பணம் போயிருந்தாலும் போகாவிட்டாலும் வங்கிக்குச் சொல்லுங்கள். போயிருந்தால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள். இல்லையென்றால், இன்று மாலை அம்மாவையே அவர் போனிலிருந்து 198ஐ அழைக்கச் சொல்லுங்கள். தமிழ் தேர்வு உண்டு. மாடியில் நின்று பேசச் சொல்லுங்கள், நடுவில் துண்டாகாது. கையில் ஒரு பேனாவும் காலண்டர் தாளும் இருக்கட்டும்.